பாராட்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு விழாவில் பவானி ஜமக்காளம் நெய்யும் பெரியவர் ஒருவரை மேடையேற்றினீர்கள். அவரைப் பற்றி இருபது நிமிடம் பேசிய சிறப்பு விருந்தினர், “கொங்கு மண்ணின் மாணிக்கம்” என்றார், “உழைப்பின் சிகரம்” என்றார். ஜமக்காளம் என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. (போர்வை என்று ஒருமுறை சொன்னார்.) பொன்னாடைக்குள் அந்தப் பெரியவர் கூசிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர் இதற்கும் இலக்கணம் சொல்லியிருக்கிறார். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் அதை ஆக்கியவனையும் சிறப்பித்துச் சொல்லும் முன்னுரை, பாடத் தக்கவர்கள், ஆக்கியோனின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகியோரே என்கிறது அவருடைய நன்னூல். நூலை எழுதச் செய்த சீயகங்கன் போன்ற புரவலருக்குக்கூட அந்த வரிசையில் இடமில்லை. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று விலக்கும் பவணந்தியாரே, தன் ஆற்றலை உணராதவர்களிடையே புலவன் தற்புகழ்ச்சி செய்துகொள்ளலாம் என்று விதிவிலக்கும் தருகிறார். அப்படிப் பார்த்தால், அன்று அந்தப் பெரியவரே எழுந்து தம்மைப் புகழ்ந்துகொண்டிருக்கலாம். இலக்கணப் பிழை ஆகியிராது.

என் தந்தையும் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தவர்தான். அவர் நெய்து தறியிலிருந்து அறுத்து வைத்த ஜமக்காளத்தை ஒருநாள் பக்கத்துத் தறிக்காரர் திண்ணையில் விரித்து, கரையோரம் பெருவிரலை ஓட்டி, புரட்டிப் பின்பக்கத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பரவால்லீங்க” என்றார். வெளியூர்க்காரர்களுக்கு அது அரைமனதுப் பாராட்டாகத் தோன்றும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. பிறகு, கரை இவ்வளவு நேராக நிற்பது எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். போட்டிக்காரர் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வியை அப்பா அன்றிரவு அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பாராட்டுரையை மட்டும் அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு விட்டுவிடுங்கள். அவர் இரண்டே வாக்கியம் பேசி இறங்கிவிட்டாலும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவரோடு நெடுநாள் தறி நெய்த ஒருவர் அன்று பந்தலின் கடைசியில் நின்றிருந்தார். அடுத்த முறை அழைத்தால் பேசுவீர்களா என்று கேட்டேன். “பேச்செல்லாம் வராதுங்க, அவரு நெய்ஞ்ச ஜமக்காளத்தை மேடையில விரிச்சுக் காட்டலாமுங்களா?” என்றார்.

அதற்கு அனுமதி உண்டா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பவானியிலிருந்து ஒரு நெசவாளர் மகன்