‘டால்’ நாடகத்தை மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே, தயாரிப்பாளர்களே,

ஆஸ்திரேலிய நாடகாசிரியர் ரே லாலரின் ‘சம்மர் ஆஃப் த செவன்டீன்த் டால்’ (பதினேழாவது பொம்மையின் கோடை) கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டும் ரூவும் நண்பன் பார்னியும் ஆண்டுக்கு ஐந்து மாதம் மெல்பர்னில் ஆலிவ் வீட்டில் கழிக்கிறார்கள்; கோடைதோறும் ரூ அவளுக்குக் குச்சியில் பொருத்திய ஒரு பொம்மை கொண்டுவருகிறான்; பதினேழாவது கோடையில் எல்லாம் குலைகிறது. 1955-இல் மெல்பர்னில் அது முதன்முதலாக மேடையேறியபோது பார்னியாக நடித்தவரே லாலர்தான். அண்மையில் ஒரு குழு அதைக் கையாண்ட விதம்தான் இந்த மடலை எழுத வைத்தது. கரும்பு வெட்டுவதில் ரூவை முந்திய இளைஞன் ஜானி டவுட் வீட்டுக்கு வரும் கட்டத்தில் பாதிக்கு மேல் காணோம். கடைசியில் ஆலிவ் ரூவின் கையைப் பிடித்துக்கொள்ள, விளக்கு அணைந்தது. சனங்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம் போலும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ரூ தோற்பதை முழுசாகக் காட்டுங்கள்.

டவுட் வரும் நேரத்தைக் கவனியுங்கள். பெயின்ட் தொழிற்சாலையில் உழைத்துக் களைத்து, கறை படிந்த உடையோடு இருக்கிறான் ரூ. அந்தக் கோலத்தில்தான், தன்னை முந்திய இளைஞன் முன்னால் அவன் நிற்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, கைகுலுக்கு என்று பார்னி நெருக்குகிறான். அந்தக் காலத்தில் குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டும் குழுக்களுக்கு டன் கணக்கில் கூலி. ஒருவன் பின்தங்கினால் எல்லோர் பங்கிலும் துண்டு விழும். முன்னால் வெட்டிப் போகிறவன் என்ற பெயர்தான் ரூவின் தலைமைக்கே மூலதனம். அது போனபின் நீட்டும் கை அது. சட்டென்று பற்றி விட்டுவிட்டால் வெறும் மரியாதையாகிவிடும். நடிகர்கள் அங்கே தயங்க வேண்டும், பார்ப்பவர்களுக்குச் சங்கடமாகும் வரை. முதுகுவலியால்தான் பின்தங்கினேன் என்று ரூ சொன்னது பொய் என்பதைப் பார்னி போட்டு உடைப்பது இதற்குப் பிறகுதான். முன்னதை வெட்டிவிட்டால் பின்னது வெறும் குடிகாரச் சண்டை.

முடிவும் அப்படியே. கல்யாணம் செய்துகொள்வோம் என்று ரூ கேட்பதே வீம்பையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான். ஆலிவுக்கு வேண்டியதோ ஆண்டுதோறும் ஐந்து மாதம் கழுகைப்போல வந்திறங்கும் ஆள்; தினமும் ஆலைக்குப் போய்வரும் புருஷன் இல்லை. அவள் ரூவின் கையைப் பிடித்துக்கொண்டால் முந்தைய பதினாறு கோடைகளுக்கும் அர்த்தமில்லை.

பொம்மை விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசியில் ரூ பியானோவில் அடித்து அடித்து அது பிரம்பும் ஜிகினாவும் செல்லுலாய்டுமாகச் சிதற வேண்டும். கடையில் கிடைக்கும் மென்மையான பிளாஸ்டிக் பொம்மை உடையாது, நசுங்கும். குச்சியிலிருந்து கழன்று முன்வரிசைக்குப் பறந்தாலும் பறக்கும், அரங்கம் சிரித்துவிடும். பழைய செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், அதுவும் ஆகாது. விறைப்பான, மெல்லிய ஓடாகச் செய்து, உட்புறம் முன்கூட்டியே கீறி வைத்து, காட்சிக்கு ஒன்றாகத் தயார் செய்யுங்கள்.

1959-இல் வந்த திரைப்படம் இந்த முடிவை இனிப்பாக்கிக் காட்டியாயிற்று. அதுவே போதாதா? நாடகக் கையேட்டில் ‘ஆஸ்திரேலிய நட்பின் கொண்டாட்டம்’ என்று அச்சிட்டுவிட்டு, இடைவேளையில் ஒயின் விற்றுக்கொண்டு, நட்பு ஒரு மனிதனை என்ன பாடு படுத்துகிறது என்ற பகுதியை மட்டும் கத்தரிப்பது எந்த ஊர் நியாயம்?

கோபம் மிஞ்சிவிட்டது, பொறுத்தருளுங்கள். அடுத்த முறை நேரம் போதவில்லை என்றால் இடைவேளையில் ஐந்து நிமிடம் குறையுங்கள். டவுட் கட்டத்திலும் கடைசிக் காட்சியிலும் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர்கள்