துண்டு எழுதியாயிற்று, இனி ஓட இடம் வேண்டும்

பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் எங்கள் பாடசாலையைத் தங்கள் வீடுபோல நினைக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன தவணையில் ஒரு தாய் பாடசாலை அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மருந்துத் துண்டு. ஆறாம் தரத்தில் படிக்கும் மகனுக்கு நிறை கூடிக்கொண்டு போகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டொக்டரிடம் காட்டியிருக்கிறார். இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டில் குளிசை ஒன்றும் இல்லை. "ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாட வேண்டும்" என்று மட்டும் இருந்தது. அந்தத் தாய் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், இதை நான் எந்தக் கடையில எடுக்கிறது?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அவர்கள் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடி. கீழே உள்ள இடம் முழுக்கக் கார்கள். பந்து விளையாடக் கூடாது என்று சுவரில் பலகை. மரைன் டிரைவைக் கடந்தால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். காலிமுகத்திடலுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகலாம், தினமும் முடியுமா? பிள்ளை 1.30 மணிக்குப் பாடசாலை விட்டு வானில் ஏறினால், வீட்டில் சாப்பிட்டு முகம் கழுவ ரியூஷனுக்கு நேரமாகிவிடும். திரும்பி வரும்போது இருட்டிவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று எங்கே இருந்தாலும் எங்கள் பிள்ளைகளின் நாள் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது.

அந்தத் துண்டுதான் இந்தக் குழுவைக் கூட்டியது. பெற்றோர், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று ஒன்பது பேர் இருக்கிறோம். எங்களில் ஒருவர் பிள்ளை வைத்தியர். ஐந்து மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடிப் பேசியதன் முடிவாக, பாடசாலை முற்றத்தைச் சமப்படுத்திக் கூரை போட்டுப் பிள்ளைகள் தினமும் ஓடி விளையாடும் இடமாக்க உங்கள் உதவியைக் கேட்டு இந்த வேண்டுகோளை எழுதுகிறோம்.

டொக்டர் எழுதிய அந்த ஒரு மணித்தியாலம் அவர் மனதில் தோன்றிய கணக்கு அல்ல. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் அசைவு இருக்க வேண்டும். 146 நாடுகளில் எடுத்த தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, 2016 இல் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கொஞ்சம் கீழே சொல்கிறோம், ஏனென்றால் அதற்கு எங்கள் பாடசாலையிலேயே காரணம் இருக்கிறது.

இருந்தபடியே இருப்பது உடம்புக்கு என்ன செய்யும் என்று உலகம் முதலில் கற்றுக்கொண்டது ஒரு பஸ்ஸில்தான். லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரி மொறிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் கவனித்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாரதிகளை விட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. 1953 இல் அது வெளிவந்தது. ஒரே பஸ், ஒரே ரோட்டு, ஒரே புகை. ஒருவர் அசைந்தார், ஒருவர் அசையவில்லை. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். எங்கள் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே நாங்கள் சாரதியின் ஆசனத்தில் இருத்தி வைத்திருக்கிறோம். சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கொழும்பில் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பாடசாலையில் என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு எழுதப் போகிறோம். மருந்துத் துண்டில் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று இருக்குமே, அதுபோல. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடினமாக, எத்தனை நிமிடம், என்ன வகை என்ற நாலும் அதில் இருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. இதுவரை ஓடியே பழகாத பிள்ளைக்கு முதல் வாரம் பத்து நிமிட விறுவிறு நடைதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். கடினத்தை அளக்க மெஷின் ஒன்றும் தேவையில்லை. ஓடிக்கொண்டே கதைக்க முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது நடுத்தரம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் கதைக்க முடியவில்லை என்றால் அது கடினம். மூன்றாம் தரப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. காலைக் கூட்டம் முடிந்ததும் 15 நிமிடம், இடைவேளையை ஒட்டி 20 நிமிடம் பாடசாலை கொடுக்கும். மிச்சம் வீட்டில்: லிஃப்டை விட்டுப் படியில் ஏறுவது, கடைக்கு நடந்து போவது. காலை 15 நிமிடம் என்ற எண்ணம் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. அங்கே ஸ்டேர்லிங் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலை 2012 இல் பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் வெளியே ஓடவோ நடக்கவோ விட்டது. உடை மாற்றத் தேவையில்லை, முதலாவது கடைசி என்று இல்லை, அவரவர் வேகம். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அவர்களுக்குக் குளிரும் சேறும் தடை என்றால் எங்களுக்கு வெயிலும் மழையும். அதற்குத்தான் கூரை கேட்கிறோம்.

வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் அதிக நேரம் போனது இதில்தான். ஓட்டம் மட்டும் போதாது. பிள்ளை திடீரென்று உயரும் பருவத்தின் இரண்டு ஆண்டுகளில் மட்டும், வளர்ந்த பிறகு இருக்கப்போகும் எலும்புத் திணிவில் ஏறக்குறைய கால்பங்கு சேர்கிறது. அந்த நேரத்தில் எலும்பு கேட்பது குதிப்பை. கயிறடிப்பதும் கெந்தி விளையாடுவதும் அதற்கு மிக நல்லவை. எங்கள் அம்மம்மாமார் முற்றத்தில் கோடு கீறி விளையாடியவைதான். கிளித்தட்டு இன்னும் நல்லது. ஓட்டம், திடீர் நிறுத்தம், திரும்புதல், ஏமாற்றுதல் எல்லாம் அதில் உண்டு. வாங்க வேண்டியது ஒரு பெட்டி சோக்குக் கட்டி மட்டும். கைக்கும் தோளுக்கும் தொங்குகிற கம்பிகள் போடுவோம். பிடிக்காத மருந்தைப் பிள்ளை துப்பிவிடும், அதனால் நாலைந்து வகையில் தனக்குப் பிடித்ததைப் பிள்ளையே தெரிந்துகொள்ளலாம்.

முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளை ஒதுக்கி நிழலில் இருத்துவது இத்தோடு நிற்கும். டொக்டரின் சொற்படி இன்ஹேலரைப் பாவித்து, மெதுவாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினால் பெரும்பாலானோர் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடலாம். இருதயக் குறைபாடு போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு அவர்களுடைய வைத்தியர் கையெழுத்திட்டுத் தரும் அளவுதான். யாருடைய நிறையும் வகுப்பில் உரத்து வாசிக்கப்படாது. மெலிய வைப்பது இந்தத் திட்டத்தின் நோக்கம் இல்லை. மெலிந்த பிள்ளைக்கும் இதே துண்டு உண்டு. இன்னொன்று: வீட்டுவேலை செய்யாத பிள்ளையை முற்றத்தைச் சுற்றி ஓட விடும் பழக்கத்தை நிறுத்த ஆசிரியர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். தண்டனையாகக் கொடுத்ததை மருந்து என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

இது வீரர்களைத் தேடும் திட்டமும் இல்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று இலங்கையின் பெயரைச் சொல்ல வைத்தவர் எதிர்வீரசிங்கம். வலைப்பந்தில் இலங்கை அணியின் தூணாக நின்றவர் தர்ஜினி சிவலிங்கம். இவர்களைப் பற்றி எங்களுக்குக் கொள்ளை பெருமை. ஆனால் எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். வகுப்புக்கு நாலு பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் கூடாரத்தில் இருந்து கை தட்டுவார்கள். அந்தக் கை தட்டுகிற பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் தரம் வரை முற்றத்தில் கத்தித் திரிகிற பிள்ளைகள் எட்டாம் தரத்தில் சுவரோரம் போய் நின்றுவிடுகிறார்கள். நாங்கள் அவர்களிடமே கேட்டோம். வெள்ளைச் சீருடையோடு ஓட வெட்கம், உடை மாற்ற இடம் இல்லை, கழுவத் தண்ணீர் போதாது. மூன்றும் நியாயமான பதில். மூன்றையும் பணத்தால் சரி செய்யலாம். எல்லாப் பிரச்சினையும் இப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது! ஆகவே உடை மாற்றும் அறை என்பது இந்தத் திட்டத்தில் கடைசியாகச் செய்யும் வேலையாக இருக்காது, கூரைக்கும் முன்னாலேயே அது எழும்பும்.

படிப்புக் கெடும் என்ற பயம் பல பெற்றோருக்கு இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்டதும் நாங்கள்தான், பெற்றோராகிய நாங்கள். பத்தாம் பதினோராம் தரத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் விரும்பினால் எடுக்கும் பாடம் என்பதால், அதோடு பல பிள்ளைகள் ஓடுவதையே விட்டுவிடுகிறார்கள். ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளை பாடத்தில் கூடக் கவனமாக இருக்கும் என்பதை எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் நன்மை இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் குறும்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பாடசாலைகளில் அது சுமார் 40. 2015 இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் முற்றம் முழுவதையும் மூடும் முதல் வரைபடத்தை மாற்றினோம். இப்போது பாதிக்கு மட்டும் கூரை, மீதி திறந்த வெளிச்சம்.

முற்றம் என்று நாங்கள் சொல்வது கன்டீனுக்கும் ஆய்வுகூடத்துக்கும் நடுவே உள்ள இடம். 80 அடி நீளம், 45 அடி அகலம். இப்போது மேடு பள்ளம், மழை பெய்தால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் நிற்கும், ஒரு மூலையில் உடைந்த மேசை கதிரைகள். பழைய மாணவர்களுக்கு இந்த இடம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

கணக்கு இதுதான். நிலத்தைச் சமப்படுத்தி வடிகால் வெட்ட 8 லட்சம் ரூபாய். பாதி முற்றத்துக்குக் கூரை 23 லட்சம். உடை மாற்றும் அறை 4 லட்சம். கயிறுகள், பந்துகள், தொங்கும் கம்பிகள், மெத்தைகள் 3 லட்சம். குடிதண்ணீர் வடிகட்டியும் குழாய்களும் 1,20,000. இரண்டு பயிற்றுநர்களுக்கு, அதில் ஒருவர் கட்டாயம் பெண், மாதம் ஆளுக்கு 45,000 வீதம் ஒரு வருடத்துக்கு 10,80,000. எல்லாம் சேர்த்து 50 லட்சம். பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் 12 லட்சம் தருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். மீதி 38 லட்சத்துக்காக உங்களிடம் வருகிறோம்.

640 பிள்ளைகள் படிக்கிறார்கள். மொத்தச் செலவைப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 7,800 ரூபாய் வருகிறது. ஒரு பிள்ளையின் பங்கை ஏற்கலாம், ஒரு வகுப்பின் பங்கை ஏற்கலாம், 1985 ஆம் வருடத்தார் 1992 ஆம் வருடத்தார் என்று வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஒரு பகுதியையே பொறுப்பெடுக்கலாம். 500 ரூபாய் தருபவருக்கும் 5 லட்சம் தருபவருக்கும் ஒரே மாதிரிப் பற்றுச்சீட்டுத்தான். சுவரில் பெயர்ப்பலகை வைப்பதில்லை என்று குழு ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது. தயவுசெய்து அதைக் கேட்க வேண்டாம்.

டொரொண்டோ, லண்டன், சிட்னியில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். ட்ரெட்மில் போன்ற மெஷின்களை அனுப்ப வேண்டாம். அன்போடு அனுப்புவீர்கள், ஆனால் ஒன்று பழுதானால் திருத்த ஆள் இல்லை, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் ஏறலாம். அந்தக் காசுக்கு ஒரு பயிற்றுநரின் ஆறு மாதச் சம்பளம் வரும். உங்களில் பிசியோதெரபிஸ்ட், விளையாட்டுப் பயிற்றுநர் யாராவது விடுமுறைக்குக் கொழும்பு வந்தால் ஒரு வாரக் காலை நேரத்தைத் தாருங்கள். எங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நிறைய இருக்கிறது.

பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வரவேண்டும். கணக்கிலக்கத்தை அலுவலகத்தில் வேலை நாட்களில் காலை 8 மணி முதல் 1 மணி வரை பெறலாம். குழு உறுப்பினர் எவரும் வீடு வீடாகக் காசு சேர்க்க மாட்டார்கள். அப்படி யாராவது வந்தால் கொடுக்காமல் அதிபருக்குச் சொல்லுங்கள். கட்டட வேலைக்கான அனுமதி கையில் கிடைக்கும் வரை நிதியில் ஒரு சதமும் எடுக்கப்படாது. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அறிவித்தல் பலகையில் இருக்கும்.

பணம் தர வசதியில்லாத பெற்றோர் யாரும் சங்கடப்பட வேண்டாம். நிலம் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு வாருங்கள். அதற்கும் முடியாவிட்டால் ஒரு வாக்குறுதி தாருங்கள்: பரீட்சை வருடத்திலும் உங்கள் பிள்ளையின் உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கேட்க மாட்டோம் என்று. அதற்கு அலுவலகத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அந்தத் துண்டோடு வந்த தாயுடையது.

சிரமதானம் வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு. மண்வெட்டி, கூடை இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். தேநீரும் வடையும் நாங்கள் தருவோம்.

அன்புடன்,
முற்றக் குழுவின் சார்பில்,
செயலாளர்
கொழும்பு