பதினொரு மணிச் சாப்பாடு

பாரிஸ்,
ஆனி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போன கிழமை தொலைபேசியில் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டீர்கள். நான் மெட்ரோவுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன், பேச்சு அறுந்துவிட்டது. அதற்குப் பதிலை ஆறுதலாக எழுதுகிறேன்.

எங்கள் உணவகத்தில் குசினிக்காரர் பகல் 11 மணிக்குச் சாப்பிடுவோம். 12 மணிக்குக் கதவு திறக்கும். அதற்கு முன் தலைமைச் சமையற்காரர் முதல் கோப்பை கழுவுகிறவர் வரை எல்லோரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் கோப்பைதான் கழுவினேன். முதல் நாள் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடத் தொடங்கினேன். மாலி நாட்டுக்காரர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். உங்களைத்தான் நினைத்தேன், அம்மா. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அடுப்படியில் குந்தியிருந்து, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பைச் சோற்றால் துடைத்துச் சாப்பிடுவீர்கள். ஊரில் இருந்தவரை அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. பட்டிருக்க வேண்டும்.

எங்கள் கடை 'பூயோன்' என்ற வகையைச் சேர்ந்தது. பூயோன் என்றால் இறைச்சி அவித்த சாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் துவால் என்ற இறைச்சிக்கடைக்காரர் சந்தைத் தொழிலாளரின் பசிக்கு அதை மலிவாகக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு அந்தப் பெயரில் நகரமெங்கும் கடைகள் வந்தன. 1896இல் திறந்த ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. அங்கே முன்பின் தெரியாதவர்களையும் ஒரே மேசையில் இருத்திவிடுவார்கள். மேசையில் விரித்த கடதாசியிலேயே கணக்கை எழுதிக் கூட்டுவார்கள். நெடுங்காலம் மங்கிக் கிடந்த இந்த வகைக் கடைகள் 2017க்குப் பிறகு மறுபடியும் முளைத்திருக்கின்றன. அவித்த முட்டையும் மயோனீசும், வைனில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சியும்தான் சாப்பாடு. (மாட்டிறைச்சியைச் சமைக்கிறேன், சாப்பிடுவதில்லை. கவலைப்படாதீர்கள்.) விலை குறைவு என்பதால் மாணவர்களும் வயதானவர்களும் தெருமுனை வரை வரிசையில் நிற்கிறார்கள்.

இங்கே சாப்பாட்டோடு பாணும் தண்ணீரும் காசில்லாமல் வரும். போரால் ஊருக்கு வரும் பாதை பூட்டியிருந்த காலத்தில் ஒரு றாத்தல் பாணுக்கு விடியமுன் வெதுப்பக வாசலில் நின்ற எனக்கு, கூடை கூடையாகப் பாண் மேசைக்குப் போவதைப் பார்த்துப் பழக நாள் எடுத்தது. 'பகெத்' என்ற அந்த நீட்டுப் பாணை இவர்கள் உயிராக மதிக்கிறார்கள். 'மரபுப் பாண்' என்று விற்பதானால் மா, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் நொதியம் என்று இன்னின்னதுதான் சேர்க்கலாம், உறையவைக்கக் கூடாது என்று 1993இல் ஆணையே போட்டிருக்கிறார்கள். 2023இல் பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமை அந்தப் பரிசோடு வருகிறது. செய்தி வந்த அன்று லாச்சப்பல் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் அதைத்தான் பேசினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று கேளுங்கள். கோப்பையில் எஞ்சிய குழம்பைப் பாணால் துடைத்துச் சாப்பிட இந்த மொழியில் தனியாக ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. நீங்கள் சட்டி துடைத்ததும் அதேதான்.

எறிவதும் உண்டு. மீந்த பாணைத் தொட்டியில் கொட்டும்போது முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு நின்ற வரிசை நினைவுக்கு வந்து கை நின்றுவிடும். பெரிய அங்காடிகள் விற்காத உணவைப் பாழாக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2016இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். எங்களைப் போன்ற குசினிகளில் அந்தப் பொறுப்பு இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

என்னோடு அறையில் இருக்கும் தம்பி சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறான். கொரியன், ஜப்பான், கெபாப், எல்லாம் பெட்டியில் போகிறது. படியேறிக் கொடுக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு ஆள்தான் கதவைத் திறக்கிறார் என்று சொல்கிறான். அவனும் இரவு பதினொன்றரைக்கு வந்து நின்றபடியே சாப்பிடுகிறான். இருத்திப் போடுகிறேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பணியாளர் சாப்பாடு என் முறை. போன முறை சிவப்பரிசி மாப் புட்டும் மீன் சொதியும் செய்தேன். தலைமைச் சமையற்காரர் பேசவே இல்லை, கோப்பையைப் புட்டாலேயே துடைத்து எடுத்தார். தூள் மட்டும் கடைத்தூள், அது உங்கள் வாசம் வராது. அடுத்த மாதம் வரும் மாமியிடம் அரைக் கிலோ வறுத்த தூள் கொடுத்துவிடுங்கள். பாலைப்பழம் பழுத்துவிட்டதா? அது மட்டும் இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

நான் 11 மணிக்கு மேசைக்கு வரும்போது அங்கே இரண்டரை. நீங்கள் கடைசியாகச் சாப்பிடும் நேரம். வரும் செவ்வாய் வீடியோவில் எடுக்கிறேன். தங்கச்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, உங்கள் கோப்பையோடு இருங்கள்.

உங்கள் அன்பு மகன்