கீரையும் தேசிக்காயும்

திருகோணமலை

அன்பின் சிநேகிதிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மாரி தொடங்கிவிட்டது. வேலியில் பசளி படர்ந்து, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவென்று எழுதியிருந்தாய். டொக்டர் தந்த குளிசையை ஒருநாளும் விடாதே. "கீரையும் தின்கிறேன், ஆனால் பல்லில் மா ஒட்டினமாதிரி இருக்கிறது" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வருசம் எனக்கும் இதே கதை. நாள் தவறாமல் கீரை சாப்பிடுகிற எனக்கு ஏன் வந்ததென்று கிளினிக்கில் கேட்டேன். அங்கிருந்த தாதி மிஸ்ஸி திருப்பி ஒன்றுதான் கேட்டா: "சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தேத்தண்ணி குடிப்பீங்கள், அக்கா?" கை கழுவின உடனே குடிப்பேன், உனக்குத் தெரியும்தானே. தேயிலைச் சாயம் கீரையின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்சவிடாது. மீன், இறைச்சியின் இரும்பு உடம்பில் சுகமாகச் சேரும். இலையின் இரும்பு அப்படியில்லை. 100 கிராம் பச்சை ஸ்பினச்சில் 2.7 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும் நமக்குச் சேருவது அதில் கொஞ்சம்தான். அதைக் கூட்டித் தருவது விற்றமின் சி. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிப்புளி விடுவோமே, அதுபோல எல்லாக் கீரைக்கும் விடு. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வை.

நீ கனடாவில், ஸ்காபரோவில் வாங்குகிற ஸ்பினச்சும், இங்கே அதே பெயரில் விற்கிற பசளியும் வேறுவேறு. பசளி கொடி; தடித்த இலை, வெண்டிக்காய் போல வழுவழுப்பு. ஆனால் இரண்டிலும் ஒக்சாலிக் அமிலம் உண்டு. உன் பல்லில் ஒட்டுவது அதன் வேலைதான்.

இப்படிச் செய்து பார். அகலமான சட்டியில் தண்ணீர் விட்டு இலையை அலசி, அள்ளி எடு. தண்ணீரைச் சரித்து ஊற்றினால் அடியில் இருக்கிற மண் திரும்ப இலையில் ஏறிவிடும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, வடித்து, பிழிந்து, அரிந்து வை. அமிலத்தில் நல்ல பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். அதிக நேரம் அவிக்காதே, ஃபோலேற் என்ற விற்றமினும் விற்றமின் சியும் சேர்ந்து போகும். பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல்லு உள்ளி வதக்கி, கீரையைப் போட்டு, தேங்காய் முதற்பால் விட்டு ஒரு கொதி. மூடி போடாதே, நிறம் மங்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு இருந்தால்தான் கீரையின் கரோட்டின் சத்து உடம்பில் நன்றாகச் சேரும், அதனால் பாலுக்குப் பயப்படாதே. இறக்கி, உப்புப் போட்டு, கடைசியாகத்தான் தேசிப்புளி. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பச்சை போய்ப் பழுப்பாகும். கூட ஒரு துண்டு மீன் இருந்தால் கீரையின் இரும்பும் இன்னும் நன்றாகச் சேரும். இங்கே சூடை மலிவு. பொரித்து வைத்துக்கொண்டு உன்னைத்தான் நினைக்கிறேன்.

ஒன்று மறந்துவிடாதே. உன் அவர் இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுக்கிறார் அல்லவா? கீரையில் விற்றமின் கே மிக அதிகம், அந்தக் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற கீரையின் அளவை டொக்டரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எனக்கு மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது. குளிசையும் எடுத்தேன், தேத்தண்ணியையும் தள்ளினேன். உன் அடுத்த பரிசோதனையில் என்ன எண் வந்ததென்று உடனே எழுது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய சிநேகிதி