ஒளி ஊடுருவும் கிண்ணங்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அவசரப்பட்டு மாடிப்படி ஏறிவிடாதே. பேத்திக்கு வைத்த பெயர் மீனாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம்.

எப்போதும் மரம் கடையும் லேத் முன்னாலேயே நிற்கிறாயாமே, அப்படி என்னதான் கடைகிறாய் என்று கேட்டிருக்கிறாய். கொஞ்ச காலமாக மெல்லிய கிண்ணங்கள்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் மரத்தின் வழியாகவே தெரியும். சுவரின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் சற்றுக் குறைவு.

மரத்துக்குள் வெளிச்சம் எப்படிப் போகும் என்று நீ யோசிப்பாய், உன்னைத் தெரியாதா? மரம் முழுக்க நுண்ணிய குழாய்கள். காய்ந்த மரத்தில் அவற்றுக்குள் காற்று இருக்கிறது. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண், குழாய்ச் சுவருக்கு ஏறத்தாழ 1.53, காற்றுக்கு 1. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொரு சுவரிலும் ஒளி சிதறிப்போகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்தால் (1.33) சிதறல் குறையும். ஆளிவிதை எண்ணெய் நிறைந்தால் (1.48) இன்னும் குறையும். எண்ணெய் பட்ட காகிதத்தில் அந்த இடம் மட்டும் வெளிச்சம் விடுமே, அதே சங்கதிதான்.

அதனால் ஈரம் காயாத பச்சை மரத்தைத்தான் கடைய வேண்டும். வெட்டி அதிக நாள் ஆகாத, வெளிர் நிறக் கட்டை. மேப்பிள், ஹாலி மாதிரி மரங்கள் இதற்கு நன்றாக வரும். கருங்காலியை எவ்வளவு இழைத்தாலும் வெளிச்சம் வராது.

முதலில் வெளிப்புறத்தை முழுசாக முடித்துவிடுவேன். அப்புறம் சுவருக்குப் பின்னால் ஓர் எல்இடி விளக்கை வைத்துக்கொண்டு உள்ளே குடைவேன். பழைய குண்டு பல்பு ஆகாது. அதன் சூட்டில் ஈரம் போய், விளிம்பு கடையும்போதே கோணத் தொடங்கிவிடும். விளக்கு வந்தபிறகு, கனம் அளக்கும் காலிப்பரைத் தொடவே தேவையில்லை. சுவர் கனமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு கருஞ்சிவப்பாக ஒரு மங்கல் வரும், அது ஆரஞ்சாகும், கடைசியில் வெளிர் மஞ்சள். அந்த மஞ்சள் எங்கே சற்று இருண்டிருக்கிறதோ அங்கே இன்னும் மரம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சுழன்றுகொண்டிருக்கும்போதே அது ஒரு வளையமாகத் தெரியும். உளியை அந்த வளையத்துக்குக் கொண்டுபோனால், கண்ணெதிரே அது கரைந்து மற்ற இடத்தோடு சேர்ந்துவிடும். இதைப் பார்ப்பதற்காகவே மறுபடி மறுபடி கடைகிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை அளவு குடைந்து, அதை முழுசாக முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். அடிப்பக்கம் கனமாக இருந்து தாங்கும்போதே மேல்பக்கத்தை மெலிதாக்கிவிட வேண்டும். முடித்த பகுதிக்குத் திரும்பிப் போகவே கூடாது. அதற்குள் அது கொஞ்சம் வளைந்திருக்கும், உளி பட்டால் சிதறிவிடும். இடையிடையே தண்ணீர் தெளிப்பேன். இடதுகை விரல்களை வெளிப்பக்கம் பட்டும் படாமலும் வைத்து அதிர்வை அடக்குவேன். கிறீச்சென்று சத்தம் வந்தால் சுவர் அதிர்கிறது, உளியைச் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. முகத்துக்குக் கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

காயும்போது கிண்ணம் வட்டமாகவே இருக்காது. மரம் ஆண்டுவளையங்களின் போக்கில் சுருங்குவது, அவற்றுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கனமான கிண்ணம் என்றால் பிளந்துவிடும். மெல்லிய சுவரோ வளைந்துகொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். அந்த நெளிவு எனக்குப் பிடிக்கும், அதைச் சரிசெய்ய நினைப்பதே இல்லை.

ஹவாயில் இருந்த ரான் கென்ட் இந்தக் கிண்ணங்களுக்குப் பெயர்போனவர். அவர் கடைந்தது நார்ஃபோக் தீவு பைன். கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் வளர்க்கிறார்களே, அதுதான். அந்த மரத்தில் கிளைகள் ஒரே மட்டத்தில் சுற்றிலும் கிளம்பும். தண்டின் நடுப்பகுதி கிண்ணத்தின் நடுவே வரும்படி கடைந்தால், சுவரைச் சுற்றிக் கணுக்கள் வரிசையாக அமையும். எண்ணெயில் ஊறவைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி எண்ணெயில் ஊறவைத்து என்று பலமுறை செய்வார். வெளிச்சத்தில் அந்தக் கணுக்கள் சிவந்து தெரிவதைப் படத்தில் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது.

நீ செய்தியில் படித்த, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் மரம் வேறு. 2016-இல் ஸ்வீடனிலும் அமெரிக்காவின் மேரிலாந்திலும் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். மரத்துக்கு நிறம் தரும் லிக்னினை ரசாயனத்தால் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் போன்ற பாலிமரை நிரப்பினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் எனக்கு அந்த நிறம் வேண்டும். லிக்னின் இருப்பதால்தான் வெளிச்சம் பொன்னிறமாக வருகிறது.

அரை மில்லிமீட்டர்வரை இறங்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் போட்டியில் எனக்கு விருப்பம் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டரே இருக்கட்டும், விளிம்பிலிருந்து அடிவரை சீராக இருந்தால் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அரை மில்லிமீட்டரில் வெளிச்சம்தான் தெரிகிறது, மரம் தெரிவதில்லை. மரத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடு?

நீயும் கடையப் போவதாக எழுதியிருக்கிறாய். சரி, முழங்கால் தேறட்டும், முதலில் கனமான கிண்ணங்களில் கை பழகு. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே. அது காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை.

தோட்டத்து மரத்திலிருந்து ஒரு கட்டை அனுப்புவதாகச் சொன்னாயே, வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி, பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பு. வெடிக்காமல் வந்து சேர்ந்தால் அதில் வரும் முதல் கிண்ணம் பேத்திக்கு.

அன்புடன்,
சண்முகம்