வரைபடத்தில் எண் இருக்கிறது, காரணம் இல்லை

லென்ஸ் வடிவமைப்பு மென்பொருள் செய்யும் குழுக்களில் இருக்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கம்பெனிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன், ஏனென்றால் கம்பெனி யாருடையது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. 2021இல் லென்ஸ் வடிவமைப்பு மென்பொருளான ஸீமேக்ஸை ஆன்சிஸ் கம்பெனி வாங்கியது. 2025இல் அந்த ஆன்சிஸையே சினாப்சிஸ் வாங்கியது. போட்டி போடும் இரண்டு மென்பொருளும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று, சினாப்சிஸிடம் இருந்த கோட் வி என்ற லென்ஸ் மென்பொருள் கீசைட் கம்பெனிக்குப் போய்விட்டது. பலகை எத்தனை முறை மாறினாலும் உள்ளே நிரல் எழுதுகிறவர்கள் நீங்கள்தானே.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்காரி. சின்ன வயதில் எங்களைச் சுற்றிப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். இப்போது செம்பனையும் தாமான் (குடியிருப்பு) வீடுகளும். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து கூலிம் பக்கம் ஏற்றிப் போகும். அங்கே லென்ஸ்களைப் பேரல் என்கிற குழாய்க்குள் அடுக்கும் லைனுக்கு நான் லீடர். உங்கள் மென்பொருளை வாங்கும் ஆள் நான் இல்லை. அதிலிருந்து வெளியே வருவது கடைசியில் எங்கள் கையில்தான் விழுகிறது.

புது வசதிகளைப் பற்றிப் படிக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் கதிர்க் கணக்கு, தொடக்க வடிவத்தைத் தானே தரும் செயற்கை நுண்ணறிவு, எந்தச் சமச்சீரும் இல்லாத ஃப்ரீஃபார்ம் பரப்பு. நல்லதுதான். 1840இல் கணித அறிஞர் பெட்ஸ்வால் தன் உருவப்பட லென்ஸுக்குக் கணக்குப் போட ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் ஆட்களை இரவல் வாங்கினார் என்பார்கள்; அந்த வேலை இன்று நான் காப்பி கலக்குவதற்குள் முடிந்துவிடுகிறது. இவற்றில் எனக்கு உண்மையாகவே பிடித்தது வேறொன்று. கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்று பார்த்து, அதிகம் சாய்கிற டிசைனை ஆப்டிமைஸ் செய்யும்போதே தண்டிப்பது. சாய்வு கூடினால் லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கெடும். திரையில் மட்டும் அழகாக இருக்கும் டிசைனைக் கழித்துவிட்டு, செய்யக்கூடிய டிசைனைத் தேடுகிற வசதி அது. அதை யோசித்தவர் ஒரு நாளாவது லைனில் நின்றிருப்பார்.

ஆனால் அந்த அறிவு டிசைனரின் மேசையோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு வருவது லென்ஸ் வரைபடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10110 முறையில் போட்ட வரைபடம். 3/ என்று தொடங்கினால் பரப்பின் வடிவம், 4/ என்றால் சென்டரிங் (அச்சு விலகாமல் இருப்பது), 5/ என்றால் கீறல், குழி. பக்கத்தில் ஓர் எண். அந்த எண் தவறினால் என்ன கெடும் என்று எங்கும் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஆறு லென்ஸ் பேரல் ஒன்று வந்தது. ஆறுக்கும் சென்டரிங் டாலரன்ஸ் (அனுமதித்த பிழை அளவு) ஒரே எண். படத்தின் தெளிவை அளக்கும் எம்டிஎஃப் மெஷினில் வைத்தால் நடுவில் தெளிவு, ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கல். ரிஜெக்ட் பெட்டி நிரம்பிக்கொண்டே போனது. முன் லென்ஸ்தான் பெரியது, அதில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப சென்டர் செய்தோம். மூன்று வாரம் போனது. கடைசியில் டிசைனர் வீடியோ அழைப்பில் வந்து, தன் டாலரன்ஸ் அறிக்கையைத் திறந்து காட்டினார். படத்தை அதிகம் கெடுக்கும் காரணங்களின் பட்டியலில் முதல் வரி நாலாவது லென்ஸின் சாய்வு. முன் லென்ஸ் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே. போய் அளந்தோம். நாலாவது லென்ஸ் உட்காரும் ஸ்பேசர் வளையத்தின் இரண்டு முகமும் இணையாக இல்லை. ஸ்பேசரை மாற்றினோம், மறுநாளே சரியானது. அந்த முதல் வரி முதல் நாளே அவர் கணினியில் இருந்திருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து வரைபடத்தோடு பின் அடித்திருந்தால் போதும்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கங்காணி அம்மாவுக்கு அளவு சொன்னதோடு விடவில்லை. பழைய காயத்தில் பட்டை முண்டு முண்டாக வளர்ந்திருந்த மரத்துக்குக் கூட்டிப்போய், அடுத்த சுற்றில் இங்கே உளி ஓடாது பார் என்று தொட்டுப் பார்க்க வைத்தாராம். கங்காணிகளைப் பற்றி அம்மா வேறு நல்லது எதுவும் சொன்னதில்லை.

அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். வரைபடம் ஏற்றுமதி ஆகும்போது கூடவே ஒரு பக்கம் வரட்டும்: எந்த லென்ஸ் எவ்வளவு நகர்ந்தால் எம்டிஎஃப் எவ்வளவு விழும், அதில் எதைப் பின் ஃபோகஸை (லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை)த் திருகி மீட்கலாம், எதை மீட்கவே முடியாது. திறந்து பார்க்க லைசென்ஸ் கேட்காத ஒரு வியூவர் போதும். ரகசியம் போய்விடும் என்று சொல்லாதீர்கள். வளைவையும் கண்ணாடி வகையையும் மறைத்துக் கறுப்புப் பெட்டியாகக் கோப்பு அனுப்பும் வசதியை நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு வளைவு வேண்டாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்று. பிழைகளைக் குருட்டாம்போக்கில் போட்டுப் பல லென்ஸ்களைத் திரையிலேயே செய்து பார்க்கும் உங்கள் மான்டி கார்லோ கணக்கு பெரும்பாலும் பிழைகள் சொன்ன அளவைச் சுற்றி இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று எடுத்துக்கொள்கிறது. பட்டறையில் அப்படி இல்லை. பாலிஷ் போடுகிறவர் லென்ஸின் நடுத் தடிமனைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வைப்பார். கீறல் விழுந்தால் இன்னொரு முறை தேய்க்க இடம் வேண்டுமே. அதனால் வருகிற லென்ஸில் பாதிக்கு மேல் தடித்த பக்கம்தான் நிற்கும். வேறு பரவலைக் கொடுக்கும் வசதி உங்களிடம் உண்டு என்று தெரியும். கொடுப்பதற்கான அளவுகள் எங்களைப் போன்ற லைன்களில் தினமும் எழுதப்பட்டு, தினமும் ஃபைலில் போய் முடங்குகின்றன. கேட்கிற இடத்தை மென்பொருளுக்குள்ளேயே வையுங்கள். டிசைனர் கேட்டால், மேலிடத்தில் அனுமதி வாங்கி அனுப்புவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓர் அசெம்பிளி லைன் லீடர்
பாடாங் செராய், கெடா