144-ஆவது இடம்

அன்புள்ள கார்த்திக்கு,

இங்கு அம்மா, பாட்டி, நான் மூவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. சரி, வேலை இருக்கும். பொங்கலுக்கு நீ வராததைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பாட்டிதான் உன் பங்குக் கரும்பை யாரையும் தொட விடாமல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தாள். காய்ந்து போனதும் அவளே எடுத்துப் போட்டாள்.

அந்தப் பெரிய கிடார் ஆம்ப்பை எங்கே வைத்திருக்கிறாய்? சுவரில் ஓதம் ஏறுகிறது என்று மழையின்போது சொன்னாயே, அதனால் கேட்கிறேன். வெறும் தரையில் வைக்காதே, அடியில் ஒரு பலகை போடு.

உங்கள் ஆல்பத்தை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தினமும் படுக்கப் போகும் முன் பார்க்கிறேன். அதில் கணிசமான பங்கு என்னுடையதாகத்தான் இருக்கும். நடைப்பயிற்சி போகும்போது மூன்றாவது பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறேன். பாங்க்கில் என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். பழைய மேனேஜர் கேட்டுவிட்டு, "பையன் யார் மேலயோ கோவமா இருக்கானா?" என்றார். கோபமெல்லாம் இல்லை சார், ராக் அப்படித்தான் என்றேன். ஆனாலும் அந்த எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீயும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய், ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு 1991 ஞாபகம் வருகிறது. அப்பா ஆரம்பித்துவிட்டார் என்று சிரிக்காதே, முழுக்கப் படி.

அந்த வருஷம் நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லா அறையிலும் ராஜா, என் அறையில் மட்டும் இரைச்சல். பெரியப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவருவதை வாங்கிப்போய் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துக் காலிக் கேசட்டில் பதிந்துகொள்வோம். ஆகஸ்டில் மெட்டாலிகா குழுவின் அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம் வந்தது. அதன் நீளம் 62 நிமிடத்துக்கு மேல், என்னிடம் இருந்ததோ 60 நிமிடக் கேசட். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். ரொம்ப நாள் வரைக்கும் அந்தப் பாட்டே அப்படித்தான் முடிகிறது என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் அது முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட 6 லட்சம் விற்று நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு அங்கே 1.6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அடுத்த மாதமே கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் விட்டார்கள். நள்ளிரவில் கடை திறந்து விற்றார்கள். இரண்டாம் ஆல்பம் முதலிடம், முதல் ஆல்பம் இரண்டாமிடம். மார்ச்சில் வந்த ஆர்.இ.எம். குழுவின் ஆல்பம் இன்னொரு விதம். அவர்களுடைய கிடார்க்காரர் பீட்டர் பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கிப் பழகிக்கொண்டிருந்தபோது பிறந்த மெட்டுதான் அவர்களை உலகத்துக்கே கொண்டுபோனது. அந்த ஆல்பத்துக்காக அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரிகூடச் செய்யவில்லை, இருந்தும் முதலிடம்.

உனக்குச் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி இல்லை. அந்த எண் எப்படி வருகிறது என்பதைப் பற்றி. அந்த வருஷம் மே மாதம் வரைக்கும், அமெரிக்காவில் ஆல்பம் விற்பனைப் பட்டியல் போடும் பில்போர்டு பத்திரிகைக்காரர்கள் கடை கடையாகப் போன் போட்டு, எது நன்றாகப் போகிறது என்று கேட்டுத்தான் பட்டியல் போட்டார்கள். கடைக்காரன் வாயில் எது வந்ததோ அதுதான் கணக்கு. நான் முப்பது வருஷம் பாங்க்கில் இருந்தவன், இப்படி ஒரு லெட்ஜரை ஆடிட்டர் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மே 25 தேதியிட்ட பட்டியலிலிருந்துதான் பில் போடும்போது பார்கோடு ஸ்கேன் ஆவதை வைத்து எண்ண ஆரம்பித்தார்கள், சவுண்ட்ஸ்கேன் என்று பெயர். எண்ணிப் பார்த்தால், இதெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த கன்ட்ரி, ராப், ஹெவி மெட்டல் எல்லாம் மளமளவென்று மேலே வந்தன. ஜூன் மாதம் ஸ்கிட் ரோ என்ற மெட்டல் குழுவின் ஆல்பம் வந்த முதல் வாரத்திலேயே முதலிடம். கேட்கிறவர்கள் முன்பும் இருந்தார்கள், எண்ணத்தான் ஆளில்லை.

நிர்வாணா குழுவின் நெவர்மைண்ட் ஆல்பம் செப்டம்பர் 24 அன்று வந்தது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஆல்பமும் அதே நாள்தான். நிர்வாணாவின் கம்பெனி இரண்டரை லட்சம் விற்றால் பெரிய விஷயம் என்று நினைத்து அமெரிக்காவில் முதலில் சுமார் 46,000 பிரதிதான் கடைகளுக்கு அனுப்பியது. பட்டியலில் நுழைந்தது 144-ஆவது இடத்தில். நம் ஊரில் அப்போதெல்லாம் 144 தடை உத்தரவு என்றால் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. அவர்கள் மூன்று பேர்தான், தப்பித்தார்கள். 1992 ஜனவரி 11 பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் டேஞ்சரஸை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தார்கள். இடைப்பட்ட அந்த மூணரை மாதத்தில் அவர்கள் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு நிமிடம் எண்ணைக் காட்டும் போன் அவர்கள் பையில் இல்லை. நீ போனை ராத்திரியில் வேறு அறையில் வை. தூங்குகிறாயா? பன்னிரண்டு மணிக்குள் படு.

உங்கள் பாட்டுக்காரப் பையன் கனடா போய்விட்டான் என்று சுதா சொன்னாள். நீ சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவன் நம் வீட்டில் சாப்பிட்டவன், போகும்போது பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று எனக்குக் கோபம்தான். அது இருக்கட்டும்.

பாட்டுக்காரன் இல்லாமல் போன இசைக்குழு ஒன்று சியாட்டிலில் இருந்தது. அதன் பாட்டுக்காரன் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச்சில் போய்ச் சேர்ந்தான். ஆல்பம் தயாராக இருந்தது, வெளிவருவதற்குள் போய்விட்டான். எப்படிப் போனான் என்பதை நான் எழுதவில்லை, உனக்குத் தெரியும். அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன் சவுண்ட்கார்டன் குழுவின் பாட்டுக்காரன் கிறிஸ் கார்னெல். துக்கம் தாளாமல் பாட்டு எழுதிக்கொண்டு, ஆண்ட்ரூவின் குழுவில் வாசித்துவிட்டு இப்போது தனியாக உட்கார்ந்திருந்த ஸ்டோன் கோசார்டையும் ஜெஃப் அமெண்டையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டான். அதுதான் டெம்பிள் ஆஃப் தி டாக் ஆல்பம், 1991 ஏப்ரல். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அடுத்த வருஷம்தான் விற்றது. அந்த இரண்டு பேரும் பாட்டில்லாத வெறும் மெட்டைக் கேசட்டில் பதிந்து கைமாற்றி அனுப்பினார்கள். அது சான் டியாகோவில் பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை பார்த்த ஒருவன் கையில் கிடைத்தது. அவன் கடலில் அலைச்சறுக்கு விளையாடிக்கொண்டே வரிகளை யோசித்து, வீட்டுக்கு வந்து பாடிப் பதிந்து திருப்பி அனுப்பினான். எடி வெட்டர். அவனைப் பாட்டுக்காரனாக வைத்து அவர்கள் அமைத்த குழுதான் பேர்ல் ஜாம், அதன் முதல் ஆல்பம் டென் 1991 ஆகஸ்ட் 27 அன்று வந்தது. அந்த வருஷம் முழுக்க முதல் 200 இடத்துக்குள்கூட வரவில்லை. 1992 ஆகஸ்டில் இரண்டாமிடம். ஒரு வருஷம், கார்த்தி.

இதில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாமிடம் இல்லை. கார்னெல் அவர்களைக் கூப்பிட்டான் பார், அதுதான். உன்னோடு அந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்கள்? டிரம்ஸ் வாசிக்கிற பையன் வருகிறானா? வந்தால் இரண்டு பேருமாக வெளியில் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். தனியாக மேகி கிளறித் தின்றுவிட்டுப் படுக்காதே. ஆம்ப் மேலே துணி போட்டு மூடுகிறாயா? தூசி உள்ளே போனால் வால்வ் போய்விடும் என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது என்று நீ சொல்வாய். முடியாதுதான். 1991 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிவிலிலிருந்து ஸ்லிண்ட் என்று ஒரு குழுவின் ஸ்பைடர்லேண்ட் ஆல்பம் வந்தது. வருவதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது. அப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்றைக்கு கிடார் எடுக்கிற பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகம் மாதிரி வைத்துக் கேட்கிறார்கள், நீயே பிளஸ் டூ பரீட்சைக்கு முதல் நாள் கேட்டுக்கொண்டிருந்தாய், அம்மா ஹெட்போனைப் பிடுங்கினாள். அதனால் அந்த நாலு பேருக்கு அன்றைக்கு வாடகை கட்ட முடிந்ததா என்றால், இல்லை. அதையும் நான் மறைக்கவில்லை. கோயம்புத்தூர் மாமா சொன்ன வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். போ என்று சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டும் வாசிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். போன தடவை இதைச் சொன்னதற்குத்தான் நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாய், தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

நெவர்மைண்ட் சிடியில் கடைசிப் பாட்டு முடிந்ததும் சுமார் 10 நிமிடம் ஒன்றுமே இருக்காது. முடிந்துவிட்டது என்று நினைப்போம், சிடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் திடீரென்று ஒரே கூச்சல், கிடாரைப் போட்டு உடைக்கிற சத்தம். முதலில் அச்சான பிரதிகளில் இது விடுபட்டும் போனது. என் கேசட்டில் அது கிடையாது. நீ பிறந்த பிறகு சிடி வாங்கி ஒரு ராத்திரி மெல்லப் போட்டுவிட்டு நான் கண் அயர்ந்துவிட்டேன், அப்புறம் நீ தொட்டிலில் வீறிட்டதும் அம்மா கரண்டியோடு வந்ததும் உனக்கு மனப்பாடம். பத்து நிமிடம்தான் என்று தெரிந்திருந்தால் யாரும் பதறியிருக்கமாட்டோம்.

உன் கணக்கில் ஒரு தொகை போட்டிருக்கிறேன். வாடகைக்கோ, வேறு எதையாவது மீட்பதற்கோ வைத்துக்கொள், கணக்குக் கேட்கமாட்டேன். இருமல் மருந்தும் அதிரசமும் சுதாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அவள் வரும்போது கதவைத் திற. போன வாரம் மூன்று தடவை மணி அடித்தாளாம்.

ஞாயிறு காலை அம்மா போன் செய்வாள், எடு. வாசிக்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல். ஆம்ப் பேச்சை மட்டும் அவளிடம் எடுக்காதே, சுதா அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா